இரண்டு தலைகள்

கையில் இருந்தது ஆயிரம் ரூபாய். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்றுக்குச் சரியாக இருந்தது. சாலையோரச் சரக்கானால் நாலு கிடைக்கும். "போலீசுக்கு இது போதும், சார்" என்றான் வியாபாரி. போலீசை ஏமாற்றலாம், தார்ச்சாலையை ஏமாற்ற முடியுமா? நல்ல ஹெல்மெட்டினுள் இருக்கும் கெட்டித் தெர்மகோல், தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அவன் காட்டியதில் வெறும் ஸ்பாஞ்சுதான்.

இந்த அறிவு சும்மா வரவில்லை. 1935-இல் அரேபிய லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர் கெய்ர்ன்ஸ், பின்னர் இத்தகைய சாவுகளை ஆராய்ந்து 1941-இல் ஹெல்மெட்டின் அவசியத்தை எழுதினார்.

நல்லதையே வாங்கினேன். பெருமிதத்தோடு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் மனைவி வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு இருந்தால் போதும்" என்றாள். சுருக்கென்றது. சிக்கனம் பிடிக்க எனக்கு அவள் தலைதானா அகப்பட்டது?

இன்னொன்று வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை இருவரும் பஸ்ஸில்தான் போனோம்.