தேவராஜ் திருந்தாமல் போயிருந்தால்?

‘தளபதி’ 1991 தீபாவளிக்கு வந்த படம். இந்த இதழைப் படிக்கிற நம்மில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டோம். ஆனாலும் சூர்யா, தேவா என்று சொன்னால் போதும், வேறு விளக்கமே தேவையில்லை. எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் சேர்ந்து பாடிய அந்த நட்புப் பாட்டு வந்தால் நாம் இன்னைக்கும் நண்பன் தோளில் கைபோட்டு ஆடுகிறோம்.

மணிரத்னம் இதில் சொன்னது கர்ணன் கதையைத்தான். ரஜினி கர்ணன், மம்மூட்டி துரியோதனன், கலெக்டராக வரும் அரவிந்த்சாமி அர்ஜுனன், ஸ்ரீவித்யா குந்தி. தேவராஜும் சூர்யாவும் சட்டத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டவர்கள். சூர்யா அடித்துக் கொன்றது தேவராஜின் ஆளைத்தான். ஆனால் தப்பு செத்தவன் பக்கம்தான் என்று தெரிந்ததும், தேவராஜே சூர்யாவைச் சிறையிலிருந்து மீட்கிறான். சூர்யா அதற்குப் பிறகு அவனை விட்டு விலகவே இல்லை. தன்னைப் பெற்றவள் யார், தங்களை எதிர்த்து நிற்கிற கலெக்டர் யார் என்று தெரிந்த பிறகும் விலகவில்லை.

இதைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். சரி, ஒருத்தன் நமக்குச் செய்த நன்றிக்காக எவ்வளவு தூரம் அவன் கூடப் போகலாம்?

படம் இந்தக் கேள்வியை நமக்குச் சுலபமாக்கிவிடுகிறது. சொந்தத் தம்பி எதிரே நின்றும் சூர்யா தன் பக்கமே நின்றான் என்று தெரிந்ததும் தேவராஜ் மனம் மாறுகிறான். அடிதடியை விட்டுவிடச் சம்மதிக்கிறான். பிறகு எதிரியின் ஆட்கள் அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். சூர்யா அம்மாவோடு சேர்கிறான். நண்பனா தர்மமா என்று அவன் கடைசிவரை தேர்ந்தெடுக்க வேண்டி வரவே இல்லை. ஆனால் தேவராஜ் திருந்தாமல் போயிருந்தால் சூர்யா என்ன செய்திருப்பான்?

வியாசரின் துரியோதனன் திருந்தவில்லை. அதனால் அங்கே கர்ணன் தப்பிக்க முடியவில்லை. போருக்கு முன்னால் கிருஷ்ணர் அவனிடம் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறார். நீதான் மூத்தவன், வா, ராஜ்யம் உனக்கே என்கிறார். கர்ணன் மறுக்கிறான். வளர்த்தவர்களையும், தன்னை நம்பிப் போருக்குத் தயாரான நண்பனையும் விட முடியாது என்கிறான். பாண்டவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறான். பதவிக்கு விலைபோகாத அந்த மனசு பெரிய மனசு, அதில் சந்தேகமே இல்லை.

அதே இடத்தில் கர்ணன் இன்னொன்றும் சொல்கிறான். துரியோதனனைச் சந்தோஷப்படுத்தப் பாண்டவர்களிடம் கடுஞ்சொல் பேசினேன், அதற்காக வருந்துகிறேன் என்கிறான். அந்தக் கடுஞ்சொல் எங்கே வந்தது என்று போய்ப் பார்த்தால் சூதாட்ட சபையில் நிற்போம். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் எழுந்து, திரௌபதிக்கு நடப்பது அநியாயம் என்றான். நீ சின்னப் பையன் என்று அவன் வாயை அடைத்தவன் கர்ணன். திரௌபதியின் ஆடையைக் களையச் சொன்னவனும் கர்ணன்தான். அங்க நாட்டைத் தந்தவனுக்கு அவன் பட்ட கடனை அன்றைக்குத் திரௌபதி அடைத்தாள்.

நம் ஊரில் இதை மறப்பது கஷ்டம். ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ராத்திரியெல்லாம் பக்தர்கள் கிளம்பி, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்த் தீ மிதிக்கிறார்கள். அது திரௌபதிக்கான விழா. நம் பையன்கள் பலர் அங்கே விரதமிருந்து பூக்குழி இறங்குகிறார்கள், தொண்டு செய்கிறார்கள். அந்தப் பையன்கள்தான் கர்ணன் மாதிரி ஒரு நண்பன் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கர்ணனை நேசிப்பது தப்பில்லை. ஆனால் திரௌபதி முன்னால் நின்று அந்த நட்பைப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

இது புராணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. “மச்சான், ஒரு பிரச்சினை, ஆள் கூட்டிட்டு வா” என்று போன் வருகிறது. “உன் பேங்க் அக்கவுண்டை ரெண்டு நாள் கொடு, கேள்வி கேட்காதே” என்று இன்னொருத்தன் கேட்கிறான். முன்னாடி உதவி செய்தவன் கேட்கும்போது மறுப்பது நன்றி கெட்டதனமாகத் தெரியும். “நான் யாரையும் அடிக்கலை, கூட நின்னேன், அவ்வளவுதான்” என்று பிறகு சொல்லலாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான ஒரே நோக்கத்தோடு கூடி அதில் ஒருவன் அடித்தாலே, கூட நின்றவனும் சிங்கப்பூர்ச் சட்டப்படி கலவரக் குற்றவாளிதான். அதற்கு 7 வருஷம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆனால் நான் பேச வந்தது தண்டனையைப் பற்றி இல்லை. அடிபட்டவன் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள். உன் அக்கவுண்ட் வழியாகப் போன பணம் ஏதோ ஒரு தாத்தாவின் சேமிப்பாக இருக்கலாம். உன் நன்றிக்கடனை அவர்கள் ஏன் அடைக்க வேண்டும்?

“அப்போ கஷ்டத்துல விட்டுட்டு ஓடுறதுதான் நட்பா?” என்று கேட்பீர்கள். ஓடச் சொல்லவில்லை. ஆளோடு நிற்பது வேறு, அவன் செய்யும் தப்போடு நிற்பது வேறு. அவன் ஜெயிலுக்குப் போனால் போய்ப் பார். அவன் அம்மாவுக்குச் சாமான் வாங்கிக் கொடு. வெளியே வந்ததும் வேலை தேட உதவி செய். இதற்கெல்லாம் உன் பணமும் நேரமும்தான் செலவாகும், வேறு யாருக்கும் நஷ்டம் இல்லை. தப்பு நடக்கிற நேரத்தில் மட்டும் அவன் முகத்துக்கு நேரே “வேணாம்டா” என்று சொல்லு. வழிதவறும் நண்பனை இடித்துச் சொல்வதற்குத்தான் நட்பு என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

கர்ணன் துரியோதனனுக்காக உயிரையே கொடுத்தான். ஆனால் துரியோதனன் அவன் வீரத்தை நம்பித்தான் போருக்கே போனான். அந்தச் சபையில் கர்ணன் ஒரே ஒரு தடவை “வேணாம்டா” என்று சொல்லியிருந்தால், அவன் நண்பன் பிழைத்திருக்கவும் வாய்ப்பு இருந்தது.