தோலும் உடன்படிக்கையும்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், அந்தியோக்கஸ் எபிபனேஸ் ஆண்டபோது, ஜெருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக்கூடம் எழுந்தது. அங்கே நிர்வாணமே வழக்கம். சில யூதர்கள் விருத்தசேதனத்தின் தடயத்தை மறைத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்களுக்கு வேதநூலான முதல் மக்கபேயர் இதைத் துரோகமென்றே பதிவு செய்கிறது. பவுலும் கொரிந்தியருக்கு, அந்தத் தடயத்தை அழிக்க முயல வேண்டாமென்று எழுதினார். (தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தவரும் இவர்தான்.) 1442இல் புளோரன்ஸ் சங்கம் கிறிஸ்தவர்களுக்கு விருத்தசேதனத்தையே விலக்கியது. 1992இன் மறைக்கல்வி நூல் அதைப் பெயர் சொல்லி விலக்கவில்லை; மருத்துவத் தேவையின்றி உறுப்பைச் சிதைப்பது அறத்துக்கு விரோதம் என்பதோடு நிற்கிறது.

சிசுவில் வெட்டப்பட்டவன் வளர்ந்தபின் தோலை மீட்க முயன்றால் அவனும் துரோகியா? இல்லையென்றே எனக்குப் படுகிறது. ஜெருசலேம்காரன் உடன்படிக்கையை விட்டான். இவன் எதிலும் கையெழுத்திடவில்லை. குமாஸ்தா புத்தி இப்படித்தான் போகும். ஆனால் ஜெருசலேம்காரனும் எட்டாம் நாள் சிசுதான். அவனையும் யாரும் கேட்கவில்லை. அப்படியானால் எனக்கு வழக்கு மக்கபேயர் நூலோடுதான்.