டோல்ஸ்டோய் நீங்கிய வீடு

புகழ்பெற்ற எழுத்தாளர் வாழ்ந்த வீடுகளைத் தேடிச் சென்று பார்க்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனை ஏளனஞ் செய்வோரும் உளர். நூல் கையிலிருக்க மேசையையும் கதிரையையும் பார்க்கப் போவானேன் என்பது அவர்தம் வினா. வினாவில் நியாயம் இல்லாமலில்லை. மேசையின் நீள அகலத்தைக் கொண்டு 'அன்னா கரீனினா' பிறந்தவாற்றை எவரும் விளக்கிவிட முடியாது. இலக்கியத்தின் ஊற்றுக்கண்ணை அறைகளுக்குள் தேடுபவர் வெறுங்கையுடனேயே திரும்ப நேரும்.

எனினும், இதனிலும் கடுமையான தடை ஒன்றுண்டு. ஒரு வீட்டை அதில் வாழ்ந்தவரே மனம் வெறுத்து நீங்கியிருப்பின், அதனைப் பேணுவதும் சென்று வணங்குவதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகுமா? மொஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், தூலா நகருக்கு அணித்தாயுள்ள யஸ்னயா பொல்யானா இவ்வினாவை எழுப்புமளவுக்கு வேறெந்த வீடும் எழுப்புவதில்லை எனலாம்.

லியோ டோல்ஸ்டோய் 1828 இல் அங்குப் பிறந்தார். ஆயின், அவர் பிறந்த வீட்டைக் காண விழைபவர் காண்பது மரங்கள் நிற்கும் வெற்றிடத்தையே. இளமையில் படையிற் பணியாற்றிய காலத்தில் அப்பெருமாளிகையை அவர் விற்றுவிட்டார். வாங்கியவர் அதனைக் கழற்றி எடுத்துச் சென்றார். கிடைத்த பணத்தை டோல்ஸ்டோய் சூதாட்டத்தில் தோற்றார். இன்று காட்டப்படுவது அம்மாளிகையின் பக்கத்தே எஞ்சிய கிளைக்கட்டடமொன்று, பின்னர் விரிவாக்கப்பெற்றது. ஆனால் அவர் பிறந்த தோல் மெத்தையிட்ட நீள் இருக்கை மட்டும் அழியாது அவரது வாசிப்பறையில் இருக்கிறது. அவருடைய பிள்ளைகளிற் பெரும்பாலோரும் அதன்மீதே பிறந்தனர். வீடு போய் இருக்கை எஞ்சிய இந்த விந்தையை அங்குச் செல்வோர் வியந்து கேட்பர். அவ்விருக்கையில் நோவுற்றுக் கிடந்த பெண்களை எண்ணிப் பார்ப்போர் எத்துணைப் பேர் என்பது வேறு விடயம்.

நடுவயது கடந்தபின் டோல்ஸ்டோயின் உள்ளத்தில் நேர்ந்த மாற்றம் இலக்கிய மாணவர் நன்கறிந்ததே. தனிச்சொத்து தீது, ஏவலர் உழைப்பில் உண்பது தீது என அவர் எழுதினார். குடியானவர் உடை அணிந்தார், நிலத்தை உழுதார், செருப்புத் தைக்கவும் கற்றார். ஆயினும் யஸ்னயா பொல்யானாவில் ஏவலர் இருந்தனர், மேசையில் உணவு பரிமாறப்பட்டது. இம்முரண்பாடு அவரை வருத்திற்று. 1910 ஆம் ஆண்டின் இலையுதிர்கால நாளொன்றில், விடியுமுன்னர், தம் மருத்துவரை உடனழைத்துக்கொண்டு அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 82. சில நாட்களுள் அஸ்தாபோவோ என்னும் சிறிய புகையிரத நிலையத்தில், நிலைய அதிபரின் வீட்டில் உயிர் நீத்தார். அவர் விட்டு நீங்கிய வீடு 1921 முதல் அரசு நூதனசாலையாக விளங்குகிறது. அவர் அவ்வேளை வாசித்துக்கொண்டிருந்த 'கரமசோவ் சகோதரர்கள்' அவ்வீட்டில் இன்றும் பேணப்படுகிறது.

அவ்வாறாயின், துறந்தவர் துறந்த பொருளைத் துடைத்து மினுக்கி வைத்துக் கும்பிடுவது அவர் கருத்துக்கு மாறன்றோ எனக் கேட்கலாம். மேற்போக்காக நோக்குமிடத்து இவ்வினாவுக்கு மறுமொழி இல்லை போலவே தோன்றும். ஆனால் இவ்வினா ஒன்றை ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. அது, அவ்வீடு அவருடையது மட்டுமே என்னும் எண்ணம்.

1862 இல் பதினெட்டு வயதில் சோபியா அவ்வீட்டுக்கு மணமகளாக வந்தார். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் ஐவரைச் சிறுபிராயத்திலேயே பறிகொடுத்தார். 'போரும் சமாதானமும்' நாவலின் அடித்தல் திருத்தல் நிறைந்த படிகளை இரவிரவாகத் திரும்பத் திரும்பப் பெயர்த்தெழுதியவர் அவரே. 1892 அளவில் டோல்ஸ்டோய் தம் சொத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்துவிட்டார். ஈகை என்று இது போற்றப்படுவதுண்டு. ஆயின், பகிர்ந்தளித்த பின்னரும் அவர் அதே கூரையின் கீழ் மேலும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை மறத்தலாகாது. சொத்துடைமை என்னும் பழி அவரை விட்டு நீங்கிற்று. கணக்குப் பார்த்தல், கூலி கொடுத்தல், வந்து குவியும் விருந்தினருக்கு உணவளித்தல் ஆகிய பாரங்கள் மனைவியின் தலைமேல் ஏறின. அப்பாரத்தைச் சுமந்தமைக்காகவே கணவரின் சீடர்கள் அவரை உலகப்பற்றுடையவர் என இகழ்ந்தனர். இதனை அநீதி என்று கூறுவதில் தயக்கம் வேண்டுவதில்லை. சோபியாவும் குறையற்றவரல்லர், உயில் பற்றிய ஐயத்தால் கணவரின் தாள்களைத் துருவியவர், கடைசி மாதங்களில் அவரை நிம்மதியாக இருக்கவிடாதவர். ஆயினும், ஒருவர் தூய்மையடைவதற்கான விலையை மற்றொருவர் செலுத்தலாமா என்னும் வினா அதனால் மறைந்துபோவதில்லை.

டோல்ஸ்டோயின் அறநூல்களை மட்டும் கற்பவருக்கு இவ்வினா எழுவது அரிது. அங்கே பேசுபவர் ஒருவரே. வீட்டுக்குள் நுழைந்தவருக்கோ, எழுதும் மேசையைப் போலவே உணவு மேசையும் கண்ணிற்படும். அதில் எத்தனை பேர் அமர்ந்தனர், அவர்களுக்கு யார் சமைத்தனர், யார் கணக்கெழுதினர் எனக் கேட்கத் தோன்றும். வீட்டைப் பார்ப்பதன் பயன் இதுவே. அது எழுத்தாளரின் புகழுக்குச் சான்று கூறுவதிலும், அவர் பட்ட கடனுக்குச் சான்று கூறுவது மிகுதி. வணங்க வந்தவர் அக்கடனைக் காணாது திரும்புவாராயின், பழைய சீடர்கள் செய்த பிழையையே அவரும் செய்தவராவர்.

டோல்ஸ்டோயின் கொள்கைக்கு உருவங் கொடுத்த வீட்டைத்தான் காணவேண்டும் என்பார்க்கு வேறோரிடமுண்டு. 1908 இல் யஸ்னயா பொல்யானாவிலிருந்து அவர் எழுதிய 'இந்தியர் ஒருவருக்குக் கடிதம்' திருக்குறளின் இன்னா செய்யாமைக் கருத்துகளை எடுத்தாள்வது தமிழ் மாணவர் சிந்தைக்குரியது. அக்கடிதத்தைப் படித்து அவருடன் மடல் தொடர்பு கொண்ட காந்தி, 1910 இல், ஜொஹன்னஸ்பேர்க் நகருக்குப் புறத்தே, நண்பர் கலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் 'டோல்ஸ்டோய் பண்ணை'யை அமைத்தார். சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன; அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. ஏவலர் எவரும் அங்கில்லை. சமையல், துப்புரவு, தச்சு, செருப்புத் தைத்தல் அனைத்தையும் அவர்களே செய்தனர். தாம் அரைகுறையாகக் கற்ற தமிழைக் காந்தி பிள்ளைகளுக்குக் கற்பித்தார். யஸ்னயா பொல்யானாவில் இயலாதது அங்கே சில ஆண்டுகள் இயன்றது. டோல்ஸ்டோய் அதனைக் கண்டாரில்லை; பண்ணை தொடங்கிய ஆண்டிலேயே மறைந்தார்.

கணவர் சென்றபின் சோபியா யஸ்னயா பொல்யானாவிலேயே தங்கி, அவர் அறைகளை அவர் விட்டபடியே காத்தார். 1919 இல் அங்கேயே இறந்தார். இன்று செல்வோர் காணும் ஒழுங்கிற் பெரும்பகுதி அவர் கையால் ஆனது. டோல்ஸ்டோயின் கல்லறை காட்டினுள், அவர் விரும்பியவாறே, கல்லும் சிலுவையுமற்ற புல்மேடாக உள்ளது. வீட்டைப் பார்த்து முடித்தவர்கள் மரங்களினூடே அங்கு நடந்து சென்று சிறிதுபொழுது வாய்பேசாது நிற்பர். சோபியா அவரருகில் இல்லை. அவர் புதைக்கப்பட்டிருப்பது கொச்சாக்கி என்னும் தேவாலய மயானத்தில், குடும்பத்தினரின் கல்லறைகளுக்கிடையில். அதற்கு வேறு வழியாற் செல்லல் வேண்டும்.