கேட்டதும் கைக்கொண்டதும்

"வானம் இவ்வளவு விரிஞ்சு கிடக்குதே, அதுல போறவனுக்கு எதுக்குங்க கட்டளை?" என்று ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டார். திருச்சிக்கு இறங்குகிற விமானத்தை நம்ம கீரனூர்ப் பக்கம் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வானத்தில், கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியில்லாமல் யாரும் நுழையக்கூடாது. எந்த உயரத்தில் வரவேண்டும் என்று அவர் சொல்லுவார். விமானி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

திருப்பிச் சொல்லிவிட்டால் கீழ்ப்படிந்தாயிற்றா? இதுதான் கேள்வி.

1996 நவம்பர் 12 மாலை. டெல்லியிலிருந்து ஒரு சவூதி விமானம் புறப்பட்டது. எதிரே கஜகஸ்தான் விமானம் ஒன்று இறங்கி வந்தது. அந்நாளில் வரவும் போகவும் ஒரே வான்வழி. சவூதிக்கு 14,000 அடி, கஜகஸ்தானுக்கு 15,000 அடி என்று அதிகாரி உத்தரவு கொடுத்தார். எதிரே விமானம் வருகிறது என்றும் எச்சரித்தார். கஜகஸ்தான் விமானத்தின் ரேடியோக்காரர் அதை ஏற்றுப் பதில் சொன்னார். ஆனால் பேசினவர் ஒருவர், ஓட்டினவர் வேறொருவர். வாய் ஒத்துக்கொண்டது; கையோ இறக்கிக்கொண்டே போனது. அரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊரருகே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கவனியுங்கள்! சவூதி விமானம் தனக்குச் சொன்ன உயரத்திலேதான் போனது. அதிலிருந்த 312 பேரும் மாண்டார்கள். "நான் மீறினா எனக்குத்தானே நஷ்டம்?" என்கிறோமே, அது எவ்வளவு பெரிய பொய்! எனக்கிடப்பட்ட எல்லை, எதிரே வருகிறவன் உயிரோடு வீடு சேருவதற்கான இடம்.

கட்டளையிடுகிறவர்களுக்கும் கணக்கு உண்டு. அன்றைக்கு அந்த அதிகாரியின் ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டவில்லை. வாய்ச்சொல்லை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. விசாரணைக் கமிஷன் கஜகஸ்தான் விமானிகள்மேல் குற்றம் கண்டது. ஆனாலும் அதோடு விட்டுவிடவில்லை. வரவுக்கும் போக்குக்கும் தனித்தனி வழி வகுத்தார்கள். உயரம் காட்டும் ரேடார் வைத்தார்கள். மோதலை முன்னறிவிக்கும் கருவியை விமானங்களில் கட்டாயமாக்கினார்கள். குற்றவாளி இன்னாரென்று தெரிந்த பின்பும் வழியைச் செவ்வைப்படுத்தினார்களே, அதுவும் நீதிதான்.

ஆகையால் வீட்டிலோ வேலையிலோ உத்தரவு கொடுக்கிறவர்களே, "சரிங்க" என்ற பதிலோடு திருப்தியாகிவிடாதீர்கள். சொன்னது நடக்கிறதா என்று பாருங்கள். "சரிங்க" என்று சொல்லுகிறவர்களே, சொன்ன பிறகு உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.