பழங்கல்லும் புதுக்கல்லும்

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறவர்கள், எதைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டுக்கொள்வதில்லை. கல்லையா, உருவத்தையா, உபயோகத்தையா? மூன்றும் ஒன்றல்ல என்பதற்குத் தரங்கம்பாடி சாட்சி.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்த உடன்படிக்கையின் பேரில் டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்று அருங்காட்சியகம். காவல் காக்க எதுவுமில்லை. ஆகவே உருவம் மாறாமல் பழுதுபார்க்க முடிகிறது. அதே கரையில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஆனால் அங்கே வழிபாடு உண்டு. எனவே திருப்பணி நடந்தது, புதுச் சுதையும் வர்ணமும் ஏறின. கோட்டை முகம் மாறாமல் செத்திருக்கிறது. கோயில் முகம் மாறி உயிரோடிருக்கிறது.

புதுப்பித்தல் என்பதே பொய், கட்டடத்துக்கு நேரும் முழுநாசம் என்று 1849இல் ரஸ்கின் வாதித்தார். ஆங்கிலம் படித்த நம் ரசனை இந்தக் கட்சியில் சுலபமாகச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இடியும் சுவருக்கடியில் தினமும் நின்று கும்பிடுகிறவனிடம், சிதைவின் அழகைக் கெடுக்காதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அதற்காக, மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளை மழுக்குவதையும் பக்தி என்று ஒப்புக்கொள்ள முடியாது.

இந்தச் சிக்கலுக்குப் பத்தாம் நூற்றாண்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவி, திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்பப் பொறிக்கச் செய்தார், அவை பழங்கல்லின் படிகள் என்ற குறிப்போடு. பழைய கட்டடம் போயிற்று. போயிற்று என்கிற செய்தி போகவில்லை. புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரிய வேண்டும் என 1964இல் வெனிஸ் சாசனம் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். கையால் பேரேடு எழுதிய காலத்தில் வங்கி குமாஸ்தாவுக்கும் இதே விதி இருந்தது: தப்பான தொகையைச் சுரண்டக்கூடாது, படிக்கத் தெரியும்படி கோடிட்டு அடித்து, மேலே திருத்தி, சுருக்கொப்பம் இட வேண்டும்.

ஆகவே, நியாயம் பழமையைப் பற்றியதல்ல, ஒப்புதலைப் பற்றியது. புளியங்குடியில் காரைவீட்டை இடித்து கான்கிரீட் போடுகிறவனைப் பழிக்க எனக்கு மனமில்லை. அவன் எதையும் பழசு என்று சொல்லிக் காட்டவில்லை. புராதனம் என்று பெயர் சூட்டிப் பாதுகாக்கிறவர்களுக்குத்தான் கடமை கூடுதல். தரங்கம்பாடிக் கோயிலில் கடல் கொண்டது எவ்வளவு, நாம் கட்டியது எவ்வளவு என்பதை அங்கேயே ஒரு கல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத பாதுகாப்பு, பூச்சு வேலை.