யார் விருப்பம்?

நம் வீடுகளில் கணவனும் மனைவியும் தனியாக ஊர் சுற்றுவது தேனிலவோடு முடிந்துவிடும். அதுவும் கொடுத்துவைத்தவர்களுக்கு. அதன்பிறகு கொடைக்கானல் போனாலும் காசிக்குப் போனாலும் பிள்ளைகள், மாமியார், நாத்தனார் குடும்பம், சம்பந்தி வீட்டார் என்று ஒரு வேன் நிறைய ஆள். அறுபதை நெருங்கும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட, இருவர் மட்டும் விமானம் ஏறுவது இப்போது சகஜமாகிவிட்டது. நாங்களும் அப்படித்தான் வியட்நாம் போனோம். சமையல்காரரையே கூட்டிக்கொண்டு போகும் குழுப் பயணங்கள் இருக்கின்றன, அதில் சேருங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை.

வீட்டில் எங்களுக்குள் எல்லை தெளிவு. வங்கி, வரி, கார், பிளம்பர் எல்லாம் அவர் பாடு. அடுப்படி, நகை, எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பது என் பாடு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் தலையை நீட்டுவதில்லை. அக்கம்பக்கத்தில் இதைத்தான் ஒற்றுமை என்கிறார்கள்.

ஹனோயில் இறங்கியதும் அந்தக் கோடெல்லாம் அழிந்துபோயிற்று. காலமெல்லாம் வங்கியில் பணம் எண்ணிய மனிதர், 20,000 டாங் நோட்டையும் 5,00,000 டாங் நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முழித்துக்கொண்டிருந்தார். இரண்டும் பிளாஸ்டிக், இரண்டும் நீலம், மதிப்பில் 25 மடங்கு வித்தியாசம். அடுப்படி ராணியான நானோ, கீரை வதக்கலில் மீன் சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழி தெரியாமல் நின்றேன். ‘சய்’ என்று பலகை வைத்த சைவக் கடைகள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அமாவாசை, பௌர்ணமிக்கு அசைவம் தொடாத பௌத்தர்கள் அங்கே நிறைய.

பழைய ஹனோயில் சாலையைக் கடப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. ஸ்கூட்டர்கள் நமக்காக நிற்காது. நாம் இறங்கி ஒரே வேகத்தில் நடந்தால், அவை நம்மைச் சுற்றி வளைந்து போகும். ஓடக் கூடாது, நிற்கக் கூடாது, பின்வாங்கவே கூடாது. நம் அடுத்த அடி எங்கே விழும் என்று கணித்துத்தான் வண்டியோட்டுகிறவர் ஒடிக்கிறார். தனி ஆளுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். இரண்டு பேர் என்றால் சிக்கல். இவர் நடுச்சாலையில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவர் நின்றதைப் பார்த்து நானும் நிற்பேன். ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த அக்கறைதான் அங்கே ஆபத்தாக இருந்தது. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், எங்கள் தெருவில் ஒருநாளும் செய்யாத காரியம். அந்தப் பக்கம் சேர்ந்ததும் சட்டென்று விட்டுவிட்டோம். பழக்கதோஷம்.

சாலையைவிடக் கஷ்டமாக இருந்தது சாப்பாட்டு நேரம்.

“என்ன சாப்பிடலாம்?”

“உனக்கு எது வேணுமோ அது.”

“எனக்கு எதுன்னாலும் சரிங்க. நீங்க சொல்லுங்க.”

“நீயே சொல்லேன்.”

இப்படியே மூன்று கடைகளைத் தாண்டி, நான்காவதில் இருவருக்கும் பிடிக்காத ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். விட்டுக்கொடுப்பதைப் பெரிய குணம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் விட்டுக்கொடுத்தவர் மனத்துக்குள் ஒரு வரவுசெலவுப் புத்தகம் வைத்திருப்பார். மூன்றாம் நாள் மாலை, சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தில் அந்தக் கணக்கு வெளியே வரும். வீட்டில் அதை மூடிவைக்க டிவி இருக்கிறது, வேலைக்காரம்மா இருக்கிறார், மகளின் போன் இருக்கிறது. ஓட்டல் அறையில் யார் இருக்கிறார்கள்?

ஹுவேயிலிருந்து டா நாங் வரை ரயிலில் போனோம். ஹனோயையும் சைகோனையும் இணைக்க, 1936இல் பிரெஞ்சுக்காரர்கள் முடித்த 1,726 கிலோமீட்டர் பாதையில் அது ஒரு துண்டு. ஹாய் வான் மலையைக் குடைந்த சாலைச் சுரங்கம் 2005இல் திறந்துவிட்டதால் லாரியும் பஸ்ஸும் அதற்குள் போய்விடுகின்றன. ரயில் மட்டும் இன்னும் மலையின் கடலோர விளிம்பைப் பிடித்தபடி, வளைந்து வளைந்து மெதுவாகப் போகிறது. இடப்பக்கம் கீழே பாறையில் அலை மோதுவது தெரியும். மீட்டர்கேஜ் பாதை. அந்த ஆட்டம் உடம்பில் பட்டதும் இவர் மானாமதுரை ஜங்ஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரயில்வேயில் சேர வேண்டும் என்பதுதான் ஆசையாம். அப்பா வங்கி என்றாராம், சரி என்றுவிட்டாராம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இது என் காதுக்கு வந்ததே இல்லை. கரண்டு பில்லுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில் இதையெல்லாம் எப்போது பேசுவது?

அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ, ஹோய் ஆனில் இவர் முதல்முறையாக வாய்விட்டு, “நான் மீசோனுக்கு வரல. வெயில்ல இடிஞ்ச கோயில் பாக்க எனக்குப் பிடிக்கல” என்றார். சுருக்கென்றது. ஆனாலும் போயே தீர வேண்டும் என்று எனக்கும் இருந்தது. மறுநாள் காலை வேனில், முன்பின் தெரியாதவர்களோடு தனியாகப் போனேன்.

மீசோன், சம்பா நாட்டு மன்னர்கள் 4ஆம் நூற்றாண்டு தொடங்கித் தலைமுறை தலைமுறையாகச் சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, நடுவே சிவந்த செங்கல் கட்டடங்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்ததிலேயே பெரிய கோபுரம் சரிந்தது. குண்டு விழுந்த குழிகளில் இப்போது புல். நம் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020இல் ஒரே மணற்கல்லால் ஆன லிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. நான் அதிக நேரம் நின்றது ஒரு சுவர் முன்னால். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சாந்தே தெரியவில்லை. இடுக்கில் நகம் நுழையவில்லை, வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்க ஆளில்லை. அவர் வந்திருந்தால் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமைக்காக நான் பாதியிலேயே கிளம்பியிருப்பேன்.

திரும்பி வந்தால் இவர் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் தைத்துக் கொடுப்பதற்குப் பேர்போன ஊர் அது. தனக்குத் துணி எடுக்கவே என்னை அனுப்புகிறவர், இளநீலத்தில் கோடு போட்ட துணியைத் தானே தேர்ந்தெடுத்திருந்தார். நான் சுவரைச் சொல்ல, அவர் தையல்கார அம்மாவைச் சொல்ல, அன்று ராத்திரி கடை மூடும்வரை பேசினோம். ஒரே காட்சியை நாள் முழுக்கச் சேர்ந்து பார்த்த நாட்களில் சொல்ல என்ன இருந்தது? “நல்லா இருந்துச்சுல்ல?” “ஆமா.” அவ்வளவுதான். மறுநாள் இருவருமாகவே ஆற்றங்கரையில் நடந்தோம். எங்கே சாப்பிடுவது என்று சண்டை வந்தது. நல்ல சண்டை, ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

அடுத்து அங்கோர்வாட் என்கிறேன் நான். இவருக்கு இஸ்தான்புல். முன்பென்றால் ‘உன் இஷ்டம்’ என்று முடிந்திருக்கும். இப்போது இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை. விமானக் கட்டணம்தான் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.