இல்லாளின் இசைவு

அறத்தின்பால் பிறரை அழைப்பது சிராவகர் கடமை. ஆயின் அவ்வழைப்பு வாழ்க்கைத் துணையிடம் எவ்வளவு தூரம் செல்லலாம்? இவ்வினா எம் இல்லத்திற்குள் ஒரு காரின் வழியாக வந்தது.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழ்வோர்க்குப் புகையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டுவதில்லை. பல்லாண்டுகள் ஓடிய பெட்ரோல் காரை விற்று மின்சாரக் கார் ஒன்று வாங்க விழைந்தேன். காற்றுடல் உயிர்கள், தீயுடல் உயிர்கள் ஆகியவற்றுக்கு நம்மால் நேரும் துன்பம் குறையுமன்றோ என்பது என் எண்ணம். துணைவியார் இசையவில்லை. ஓடுகிற காரை ஏன் விலக்க வேண்டும் என்றார். ஆரணியைத் தாண்டித் திருமலைக்குச் சென்று திரும்பினால் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். வழியில் மின்னேற்றக் காத்திருந்தால் சூரியன் மறையுமுன் உண்பது எங்ஙனம் என்றும் கேட்டார்.

நான் அகிம்சையைப் பேசினேன். பேசிய முறையில் குற்றம் இருந்தது. மறுப்பவரை ஹிம்சைக்கு உடந்தையாக நிறுத்திவிடும் வாதம் அது. எதிரிலிருப்பவர்க்கு இசைவதன்றி வேறு வழியை அது விடுவதில்லை. இரண்டு நாள் இல்லத்தில் பேச்சுக் குறைந்தது.

பொன்னூர் மலையோடு நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர் தம் பிரவசனசாரத்தில், துறவு மேற்கொள்பவன் சுற்றத்தாரிடம் விடைபெற்று, பெரியோராலும் மனைவியாலும் மக்களாலும் விடுவிக்கப்பட்டே செல்ல வேண்டும் என்கிறார். முத்திக்கு முதற்படியான துறவுக்கே துணைவியின் விடை வேண்டுமாயின், கார் மாற்றுவதற்கு அது வேண்டாவோ?

ஆகவே மூன்றாம் நாள் அவர் சொல்வதைக் கேட்க அமர்ந்தேன். அவர் வாதம் நான் எண்ணியதைவிட வலுவாக இருந்தது. "பழைய காரை விற்றால் புகை நின்றுவிடுமா? ஓட்டுபவர்தாமே மாறுவார்? ஹிம்சைக்குரிய கருவியை இன்னொருவர் கையில் கொடுப்பதும் நமக்கு விலக்குத்தானே?" என்றார். மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்ற நாம், எண்ணூரில் நிலக்கரியை எரிக்கச் செய்துவிட்டு, நம் வாசலில் புகை இல்லை என்று மகிழலாமா என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தேன். சிறிய மின்சாரக் கார் நூறு கிலோமீட்டர் ஓடச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் மின்சாரத்தின் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு நிலக்கரியால் ஆவது. சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக நூறு கிலோமீட்டருக்குப் பத்தரைக் கிலோ. அதே தொலைவுக்கு எம் கார் ஆறு லிட்டர் பெட்ரோல் குடிக்கும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் பதினான்கு கிலோ அளவு. நன்மை உண்டு, நான் முழங்கிய அளவுக்கு இல்லை. மின்கம்பியில் ஆகும் இழப்பையும், மின்கலத்துக்காக அகழும் நிலத்தையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும். எனினும், மின்சாரம் தூய்மையாகுந்தோறும் மின்சாரக் காரும் தூய்மையாகும். பெட்ரோல் காருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இதை அவரும் ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதும் ஒரு நயம், நான் சொன்னதும் ஒரு நயம். அநேகாந்தத்தை மேடையில் விளக்குவது எளிது, உணவு மேசையில்தான் கடினம்.

அதன்பின் அவர் கேட்டது என்னைத் தைத்தது. எந்தக் கார் என்பது இருக்கட்டும், எத்தனை முறை வெளியே எடுக்கிறோம் என்றார். சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டகத்தில் அனர்த்ததண்ட விரதத்தைக் கூறுமிடத்து, பயனின்றி நிலம் தோண்டல், நீர் இறைத்தல், தீ மூட்டல், காற்றெழுப்பல், செடி கொடிகளை வெட்டல் ஆகியவற்றோடு வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் பிரமாதசரியை என வகுத்துள்ளார். கார் ஒன்று இவற்றுள் எத்தனையை ஒருசேரச் செய்கிறது! முந்திய மாதத்துப் பயணங்களை ஒரு தாளில் எழுதினோம். மதுராந்தகத்துக்கு மட்டும் பதினொரு முறை. அவற்றுள் நான்கு, மறந்துபோன பொருளை வாங்குதற்கு. வேடந்தாங்கலுக்கு மூன்று முறை. பறவைகளைக் காணும் ஆசைக்காக அவற்றின் காற்றில் புகை கலந்தோம். மருத்துவரிடம் சென்ற இரண்டும், ஆலய தரிசனத்துக்குச் சென்ற ஒன்றும் தேவையானவை. ஏனையவற்றில் பெரும்பாலும் என் பயணங்கள் என்பதை நான் மறைக்கவில்லை.

இப்போது எங்களிடையே உள்ள ஏற்பாடு இது. திக்விரதம்போல் காருக்கும் ஓர் எல்லை வகுத்துள்ளோம். மதுராந்தகத்துக்கு வாரம் ஒருமுறை, அதுவும் பட்டியலோடு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நம்மூர் வெயிலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவு கிடைக்கும். முதலில் மாடியில் அதை அமைப்பது, பழைய கார் தன் ஆயுளை முடித்தபின் புதியதைப் பற்றிப் பேசுவது என்பது அவர் யோசனை. நான் இசைந்தேன், முழு மனத்துடன் என்று சொன்னால் அது சத்திய அணுவிரதத்துக்குப் பழுதாகும்.

திருமலையிலிருந்து திரும்பும் மாலையில் சூரியன் மறையுமுன் எங்கே உண்பது என்ற அவர் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் விடை கூறவில்லை. விடியுமுன் புறப்பட்டு நண்பகலில் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன். அதற்கும் அவர் இசைவைக் கேட்க வேண்டும்.